வந்தவர் சொன்னதை யார் செய்வது?

2015 ஜனவரி 18 அன்று மணிலாவில் திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றிய திருப்பலிக்கு அறுபது லட்சம் பேர் திரண்டதாகப் பிலிப்பைன்ஸ் அதிகாரிகள் கணக்கிட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கராக உள்ள நாட்டில் அது வியப்பில்லை. அந்தப் பயணத்தின் பெறுமதியைக் கூட்டத்தில் தேடக் கூடாது. அதற்கு இரண்டு நாள் முன்பு அதிபர் மாளிகையிலேயே, ஏழைகளுக்குச் சேர வேண்டியதைப் பறிக்கும் ஊழலைக் கைவிடுங்கள் என்று ஆட்சியாளர்களிடம் அவர் சொன்னார். மறுநாள், 2013 புயலில் சிதைந்த தக்லோபான் நகரில், மழையில் நனைந்தபடி, எழுதி வந்த மறையுரையை ஒதுக்கிவிட்டு உறவுகளை இழந்தவர்களோடு பேசினார். அதே பயணத்தில்தான், கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறேழு பேரே உள்ள இலங்கையில், வடக்கிலுள்ள மடு மாதா திருத்தலத்துக்கும் போனார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அகதிகள் தஞ்சமடைந்த இடம் அது. 1999இல் ஷெல் விழுந்து அவர்களில் பலர் அங்கேயே மாண்டார்கள். தமிழரும் சிங்களரும் சேர்ந்து நின்ற அந்த வளாகத்துக்கு அவர் போனதே, வடக்கின் துயரம் மறைக்கப்பட வேண்டியதல்ல என்ற அறிவிப்பு.

இதனால் என்ன மாறியது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இலங்கையின் வடக்கில் பின்னரும் ஆண்டுக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் 2016இல் துதெர்த்தேயை அதிபராக்கினார்கள்; அவருடைய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஆனால், அந்தக் கொலைகளை எதிர்த்து 2017இல் ஆலய மணிகளை ஒலிக்கச் செய்தவர்களும் அதே நாட்டு ஆயர்கள்தான். மேய்ப்பரின் வருகை தீர்ப்போ சட்டமோ ஆகாது. உள்ளூரில் நியாயம் பேசுவோருக்கு அது துணை நிற்கும். மீதி வேலை அவர்களுடையது.

புதுவையில் மூலக்குளத்தைக் கடந்து வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகும் நமக்கும் இது பொருந்தும். 1999க்குப் பின் எந்தத் திருத்தந்தையும் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் 2003இல், ரோமுக்குச் சென்ற தமிழகம், புதுவை ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்திலும் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த சுவர்கள் உண்டு. அவற்றை இடிக்க இன்னொரு வருகை தேவையில்லை. திருத்தந்தையை அழைக்க விரும்பும் திருச்சபை, அந்த வேலையை முதலில் முடிக்கட்டும்.