எட்டாயிரம் ரூபாய் டாலர்

டாலர் என்றதும் வங்கிக்காரன் ஏதோ அன்னியச் செலாவணி பற்றிப் புலம்பப் போகிறான் என்று ஓடிவிடாதீர்கள் மக்களே. இது கழுத்துச் சங்கிலியில் தொங்குகிற டாலர். விலை எட்டாயிரம் ரூபாய். :-)

போன மாதம் ஒரு பெரியவர் கிளைக்கு வந்தார். நம்மூர்க்காரர். ஆலை வேலைக்கு பெங்களூர் வந்து, ஓய்வு பெற்று, தொம்மலூரிலேயே தங்கிவிட்டவர். "சார், எஃப்டிய உடைக்கணும்" என்றார். நாற்பத்தெட்டாயிரம். எதற்கு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்டேன். வீட்டுக்குப் பக்கத்து மாடியில் செல்போன் டவர் வந்திருக்கிறதாம். கதிர்வீச்சைத் தடுக்க வீட்டில் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு டாலர். அட்டையில் 'குவாண்டம்', 'ஸ்கேலார் எனர்ஜி' என்று என்னென்னமோ போட்டிருந்தது. முன்கூட்டியே எடுப்பதற்கான அபராதத்தைப் பிடித்துக்கொண்டு பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

அதே ஞாயிறு எங்கள் குடியிருப்பு சங்கக் கூட்டம். அங்கேயும் அதே டவர். உடனே எடுக்கச் சொல்லித் தீர்மானம். கை தூக்காதவர்கள் மூன்று பேர், அதில் நானும் ஒருவன். "உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா சார்?" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறார்கள். அதனால்தான் தூக்கவில்லை.

நான் பி.காம். இயற்பியல் எல்லாம் பத்தாவதோடு போச்சு. ஆனால் ஒரு கணக்கு எனக்குப் புரியும். ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு கேன் தண்ணீர் தருகிற இயந்திரம் பெங்களூர் முழுக்க இருக்கிறதே, அதில் ஒரு மூட்டை பத்துப் பைசாவைக் கொட்டினாலும் சொட்டுத் தண்ணீர் வராது. வானொலி, டவர், சூரிய வெளிச்சம், எக்ஸ்ரே எல்லாமே ஒரே குடும்பத்து அலைகள்தான். ஆனால் எக்ஸ்ரே முழு நாணயம். உடம்பின் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும், மரபணுவைக் கெடுக்கும். டவர் அலை பத்துப் பைசா. நிறைய சேர்ந்தால் சூடாக்கும், அவ்வளவுதான் இதுவரை உறுதியாகத் தெரிந்தது. அதனால்தான் வரம்பையும் அந்தச் சூட்டை வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

வரம்பு எவ்வளவு? 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சர்வதேச அமைப்பு அப்போது சொன்னது சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது, 0.45 வாட். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நம் மேல் விழுவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். வேறு வகை அலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெயிலில்தான் தோலைக் கெடுக்கிற புற ஊதாவும் இருக்கிறது. அதை எதிர்த்து எந்தச் சங்கமும் தீர்மானம் போடவில்லை.

இன்னொன்று. டவர் தூரமாகப் போனால் உங்கள் கைப்பேசி சும்மா இருக்காது. சிக்னல் குறையக் குறைய அது அதிகத் திறனில் கத்தும். தூரத்து டவரை விட்டுவிட்டு, காதோடு ஒட்டிய டவரைப் பெரிதாக்கிக் கொள்வதற்குத்தான் அன்றைக்குக் கை தூக்கினார்கள்.

'உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொல்லியிருக்கிறதே?' சொன்னது உண்மை. அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011ல் இந்த அலைகளை 'இருக்கலாம்' என்ற வகையில் வைத்தது. அதே வகையில் ஆசிய நாட்டு ஊறுகாய்க் காய்கறிகளும் இருக்கின்றன. 2024ல் அதே நிறுவனம் கேட்டு வெளிவந்த பெரிய மறுஆய்வு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் காணவில்லை.

டவர் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று உள்குத்து தேடாதீர்கள். யாரிடமும் சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றினார்கள், கடிதத்துக்குப் பதிலும் இல்லை. பயம் முளைத்ததே அந்த மௌனத்தில்தான். அதனால் நான் கேட்டது ஒன்றுதான்: அளக்கலாம். தொலைத்தொடர்புத் துறை 2017ல் 'தரங் சஞ்சார்' என்று ஒரு தளம் தொடங்கி, 4000 ரூபாய் கட்டணத்தில் அளந்து சொல்ல ஏற்பாடு செய்தது. எங்கள் 60 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 67 ரூபாய். வரம்பைத் தாண்டியிருந்தால் புகாரில் முதல் கையெழுத்து என்னுடையது என்றேன். "அளக்கிறவனும் அவங்க ஆளுதான் சார்" என்று முடித்துவிட்டார்கள். 67 ரூபாய்க்கு அளவு வேண்டாம், எட்டாயிரத்துக்கு டாலர் வேண்டும்!

அந்த டாலர் கதையைக் கேளுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் '5ஜி தடுப்பு' என்று விற்ற பத்துப் பொருட்களைச் சோதித்தது. கழுத்து டாலர், தூங்கும்போது கட்டும் கண்பட்டை, குழந்தைகளின் கைவளை எல்லாம் அதில் உண்டு. அந்தப் பத்திலுமே கதிரியக்கம் இருந்தது. நீண்ட நாள் அணிந்தால் கெடுதல், உடனே கழற்றுங்கள் என்று எச்சரித்தார்கள். பத்துப் பைசாவுக்குப் பயந்து முழு நாணயத்தைக் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி 'நெகட்டிவ் அயனி' சரக்குகளில் கலப்பது பெரும்பாலும் தோரியம் உள்ள கனிமப் பொடி. எங்கள் ஊர்ப்பக்கம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டில் உள்ள அதே தோரியம். விற்பவன் ஒரு மீட்டரைப் பக்கத்தில் கொண்டுபோய் 'பாருங்க, அயனி வருது' என்று காட்டுவான். வரும்தான். கதிரியக்கம் காற்றைத் தாக்கினால் அயனி வராமல் என்ன வரும்?

பெரியவர் வாங்கியதில் தோரியம் இருக்கிறதா? தெரியாது, அளக்கவில்லை. ஒன்றும் இல்லையென்றால் நாற்பத்தெட்டாயிரம் வீண். இருந்தால் அதைவிட மோசம். மூன்றாவதாக ஒரு வழி இல்லை.

மனசு கேட்காமல் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வித்தது எங்க மருமகன் சார். திருப்பிக் கேட்டா பொண்ணுதான் கஷ்டப்படுவா" என்றார். "சரிங்க ஐயா, பணம் போகட்டும். பேத்தி கழுத்துல இருக்கிறதையாவது கழட்டிடுங்க" என்றேன். பார்க்கிறேன் என்றார்.

அந்த மருமகனை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மார்ச் மாத டார்கெட்டுக்காக, வயதானவர்களிடம் 'நாளைக்கு ஏதாவது ஆனா?' என்று கேட்டு காப்பீட்டுப் பாலிசியைத் தள்ளிவிட்டவன்தான் நானும். பயத்தை எப்படி விற்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் விதி, கேட்பவரை 'எவ்வளவு?' என்று கேட்க விடக்கூடாது.

அதனால் கேளுங்கள். டவர்க்காரனிடம் எத்தனை வாட் என்று கேளுங்கள். டாலர்க்காரனிடம் எதை, எதனால், எந்த அளவு தடுக்கும் என்று கேளுங்கள். என்னை மாதிரி வங்கிக்காரனிடம் கமிஷன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாததையும் அளக்கலாம். எண்ணைச் சொல்லாமல் மழுப்புகிறவன் டவர்க்காரனானாலும் சரி, சொந்த மருமகனானாலும் சரி, பையிலிருந்து கையை எடுங்கள்.

டிஸ்கி: அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம். அந்த 4000 ரூபாயை நானே கட்டுவதாகச் சொல்லப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. :-)