மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்

இறக்காமத்திலிருந்து உங்கள் கணவரோ மகனோ கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ கப்பல் கட்டும் தள வேலைக்குப் போயிருக்கிறாரா? பாரந்தூக்கியில் தொங்கும் இரும்புத் தகடு ஆடும்போது கையால் பிடித்து நிறுத்தப் போய்த்தான் பலர் விரல்களை நசுக்கிக்கொள்கிறார்கள். தொங்கும் பாரத்தைக் கயிறு கட்டி, விலகி நின்றே திருப்ப வேண்டும். நாம் ஆசையாய்ப் போட்டுவிட்ட மோதிரமும் ஆபத்துத்தான். அது எதிலாவது கொளுவினால் விரலே பிய்ந்துவிடும்.

இவற்றையும் சொல்லிவையுங்கள்: விரல் நசுங்கினால், வீங்குமுன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். துண்டாகிப் போனால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். விரலில் ஐஸ் நேரே படக்கூடாது. இலங்கையில் என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

"தலையெழுத்து" என்று இருந்துவிடாதீர்கள். நம் நாட்டில் வேலையில் காயப்பட்டவருக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் உண்டு. முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். ஆஸ்பத்திரிக் கடதாசிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்றிரவு அவர் கோல் எடுத்தால், முதலில் மோதிரத்தைப் பற்றிக் கேளுங்கள்.