பள்ளி வாசகர் வட்டத்தில் யாருடைய கதை?

அமெரிக்காவின் பிலாக்சி நகரப் பள்ளி நிர்வாகம் 2017-ல் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தது. அதிலுள்ள சொற்கள் சிலருக்குச் சங்கடம் தருகின்றனவாம். செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படும் கறுப்பினத்தவர் ஒருவரின் கதை அது. இங்கும் 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி படைப்புகளைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2023 ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய, ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் வர வேண்டியிருந்தது. அறநிலையத் துறைக் கோயிலிலேயே சுமார் 80 ஆண்டுத் தடை. இப்படிப்பட்ட ஊர்களில் இரு தெருப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் இடம் பள்ளிக்கூடம்தான். பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒரு நாவலைப் படித்துப் பேசும் வட்டம் அங்கேதான் கூட வேண்டும் என்கிறோம்.

எந்த நாவல்? ஹார்ப்பர் லீ என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். எல்லோரும் நல்ல வழக்கறிஞர் அட்டிகஸ் பக்கம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஊர்க் கோயில் பேச்சே வராது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) அப்படி விடாது. காலனிக்குத் துணி வெளுத்து, ராச்சோறு எடுத்துப் பிழைக்கும் ஆரோக்கியத்தின் கதை அது. அவளை வேலை வாங்குவது ஊர்த் தெரு அல்ல, நாம்தான். நாவல் வந்தபோது நம் தரப்பிலேயே எதிர்ப்பு எழுந்தது. வட்டத்தில் எதிரே இருப்பவர், "உங்களுக்குள்ளேயும் இருக்கே" என்பார். சொல்லட்டும். நம்மைக் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொன்ன பிறகு, கோயில் கதவு இத்தனை காலம் ஏன் மூடியிருந்தது என்று அவரும் சொல்லியாக வேண்டும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். 'உன் அனுபவத்தைச் சொல்லு' என்று தலித் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கக்கூடாது. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவரின் சாதியை வகுப்பறையில் மறைமுகமாகக்கூடக் குறிப்பிடக்கூடாது என்கிறது. நல்லெண்ணத்தோடு கேட்டாலும் அது சாதியைக் கேட்பதுதான். பேச வேண்டியவர்கள் முதலில் பெரியவர்கள்.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் அப்போதுதான் வர முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக யாராவது உரக்க வாசிக்கவும் வேண்டும்.