எந்தப் பாட்டைப் பாடச் சொல்வது?

கூத்துக்கு ஆள் தெரிவு செய்யும்போது பிள்ளைகளிடம் எந்தப் பாட்டைப் பாடச் சொல்வது என்பது ஒரு கட்டுரை எழுதுமளவுக்குப் பெரிய விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய விடயந்தான் என்பது என் கருத்து. முப்பது வருடங்களாகப் பத்திரிகையில் இருந்துகொண்டு, அரசியலுக்கும் அனர்த்தங்களுக்கும் நடுவே கூத்துகளைப் பற்றியும் எழுதி வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு கூத்து களரியில் எடுபடாமற் போனால், அதற்கான காரணம் பெரும்பாலும் அரங்கேற்ற இரவில் இருப்பதில்லை. அதற்கு நாலைந்து மாதங்களுக்கு முன்னர், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்த மாலைப்பொழுதில் இருக்கிறது.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து இதனை வாசிப்பவர்கள், நத்தார் விடுமுறைக்கு இசைநாடகம் போடும் பாடசாலைகளை அறிந்திருப்பீர்கள். பிள்ளை தனக்குப் பிடித்த பாட்டொன்றைத் தயார்செய்து கொண்டுபோய் நடுவர்முன் பாடும். பாத்திரம் கிடைக்கும் அல்லது கிடைக்காது. எங்கள் செங்கலடிப் பக்கத்தில் மார்கழி என்பது வெள்ளமும் சேறுமான மாதம். திறந்த வெளியில் களரி கட்ட முடியாது. எனவே பெரும்போக அறுவடை முடிந்து கையில் நெல்லும் கொஞ்சம் காசும் புரளும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஆள் தெரிவு நடக்கும்; கிழமைக் கூத்தாகப் பழகி, மழைக்கு முன்னர், ஆவணி விடுமுறையில் அரங்கேற்றம். கொம்மாதுறை, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி என்று வாவிக்கரையோரமாகப் போகும் வீதியில் எந்த ஊரிலும் கூத்தைப் பற்றிக் கதைக்க நாலு பேர் அகப்படுவார்கள்.

முந்திய காலத்தில் இப்படியொரு தேர்வு தேவைப்படவில்லை. அண்ணாவியாருக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் தெரியும். வயலில் காவல் இருந்து பாடியவன் யார், கோயிலில் காவியம் படித்தவன் யார், மத்தள ஒலி கேட்டதும் கால் தானாக அசைகிறவன் யார் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். ஊர்ப் பெரியவர்களோடு இருந்து பேசி, ஒரு நல்ல நாளில் கோயிலில் வைத்துச் சட்டம் கொடுப்பார். அவரவர் பாட்டும் வசனமும் அடங்கிய பிரதியைத்தான் சட்டம் என்போம்.

இன்று அண்ணாவியார் வேறு ஊரில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். பிள்ளைகள் ரியூசனுக்குப் போய் இரவில் வீடு வருகிறார்கள். ஆகவே குரல் தேர்வு வைக்கிறார்கள். இந்தச் சொல்லே வானொலியில் இருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில், அசையாமல் நின்று, ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருவர் பாடுவதை மதிப்பிட ஏற்பட்ட முறை அது. அதனைப் பெயரோடு சேர்த்துக் கூத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

சென்ற சித்திரையில் அப்படியான ஒரு தெரிவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஊரின் பெயரோ கழகத்தின் பெயரோ இங்கு வேண்டாம். ஒரு மேசை, நாலு பிளாஸ்ரிக் கதிரை, ஓர் ஒலிவாங்கி. "விருப்பமான பாட்டைப் பாடலாம்" என்று அறிவித்தார்கள். வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் சினிமாப் பாட்டையே பாடினார்கள்; இரண்டு மூன்று பேர் தேவாரம். 2006இல் தொடங்கிய சூப்பர் சிங்கர் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறது என்பதை அன்று நேரில் கண்டேன். குரலை நடுங்கவைக்கிறார்கள், கண்ணை மூடுகிறார்கள், சரணத்தில் ஒரு கையை மெல்ல உயர்த்துகிறார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். பிள்ளைகளில் எந்தக் குறையும் இல்லை. கேட்ட கேள்வியில்தான் குறை.

வட்டக்களரியில் நிற்பவனுக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது, நாற்புறமும் சனம். வடமோடி அரசன் என்றால் கரப்புடுப்பும் முடியும் சுமையாக இருக்கும், காலில் சதங்கை. அந்தக் கோலத்தோடு வரவு ஆடி, எட்டும் வீசாணமும் போட்டு, மூச்சு வாங்கும் நேரத்தில் பாடத் தொடங்க வேண்டும். இப்போது களரிக்கு மேலே ஒலிவாங்கியைத் தொங்கவிடுகிறார்கள். சுற்றி ஆடுகிறவனின் குரலை அது பாதிதான் பிடிக்கும். நெருங்கினால் முழங்கும், விலகினால் காணாமற் போகும். கடைசியில் நம்பக்கூடியது பாடுகிறவனின் நெஞ்சைத்தான்.

கூத்தில் இருந்தே ஒரு பாட்டைக் கொடுத்தால் போதுமா? எந்த வகைப் பாட்டு என்பதிலும் சிக்கல் உண்டு. எங்கள் ஆட்கள் உடனே விருத்தம் ஒன்றைக் கொடுப்பார்கள். விருத்தம் தாளக்கட்டுக்குள் நில்லாதது; நீட்டலாம், நிறுத்தலாம், குழையலாம். நல்ல குரல் உள்ளவன் அதில் எல்லாரையும் மயக்கிவிடுவான். உச்சரிப்பையும் மூச்சையும் அறிய அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கூத்தன் அகப்படும் இடம் தரு. தாளத்துக்குள் பாட வேண்டும், ஆட வேண்டும், பிற்பாட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்து, அவர்கள் முடிக்கும் இடத்தில் தவறாமல் திரும்பப் பிடிக்க வேண்டும். பிற்பாட்டு ஒலிக்கும் அந்தச் சிறு இடைவெளிதான் ஆடுகிறவனுக்கு மூச்சு. அதைப் பயன்படுத்தத் தெரியாதவன், எவ்வளவு இனிய குரல் உடையவனாக இருந்தாலும், நடுச்சாமத்துக்கு முன்னர் தொண்டை கட்டிப்போவான்.

அன்று வந்திருந்த அண்ணாவியார் வயதானவர்; அதிகம் பேசாதவர். எல்லாரும் மெச்சிய ஒரு பையனைக் கிட்ட அழைத்தார். "கொரல் நல்லாத்தான் இரிக்கு மனே. இனி இந்தத் தருவை ஆடிப் பாடு பாப்பம்" என்று ஓர் அடியைச் சொல்லிக்கொடுத்து மத்தளத்தைத் தட்டினார். இரண்டாவது சுற்றில் பாட்டு ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம். பையன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அவனுக்கு அரசன் வேடம் கொடுப்பதென்று ஏற்பாட்டாளர்கள் முன்னரே பேசிவைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. உடுப்புச் செலவில் பெரும்பங்கு அவனுடைய குடும்பத்தினுடையதாம்.

இங்கேதான் பாட்டுத் தெரிவு நீதி சார்ந்த விடயமாகவும் ஆகிறது. அரசன் வேடம் இன்னின்ன குடும்பத்துக்கு, சேவகன் வேடம் இன்னின்ன குடும்பத்துக்கு என்ற எழுதாச் சட்டம் எங்கள் ஊர்களில் இருந்தது. சாதியும் அதில் இருந்தது. முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல என் நா எழவில்லை. அரசனின் கொலு வரவுப் பாட்டைத் தேர்வுக்கு வைத்தால், தகப்பனும் பேரனும் அதே வேடம் ஆடிய வீட்டுப் பிள்ளை அதனைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்திருக்கும். முதல் முறை வருகிற பிள்ளை எழுத்துக்கூட்டிப் பாடும். ஆகவே நான் சொல்வது இதுதான்: வருகிற எல்லாருக்கும் கட்டியகாரன் பாட்டையே கொடுங்கள். கூத்தில் முதலில் களரிக்கு வருபவன் அவன். பாட்டு எளிது, தாளம் தெளிவு, ஆட்டமும் உண்டு, அரசன் வருகையைச் சபைக்கு அறிவிக்கும் மிடுக்கும் வேண்டும். அந்த வேடத்துக்காக எந்த வீட்டிலும் சண்டை நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்று அங்கேயே சொல்லிக்கொடுத்து, அரை மணித்தியாலம் பழகவிட்டு, பிறகு ஆடிப் பாடச் சொன்னால், முன்பே மனனம் செய்து வந்தவன் யார், காதால் வாங்கிக் காலில் இறக்குகிறவன் யார் என்பது வெளிச்சமாகிவிடும்.

பெண்பிள்ளைகள் விடயம் தனி. கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே ஆடிய மரபு எங்களுடையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போரையும் 1965இல் இராவணேசனையும் மேடையேற்றியபோது, இரவு முழுதும் நீண்ட கூத்து சுருங்கியது. மாணவிகளும் ஆட வந்தார்கள். அந்த முயற்சிக்குக் கூத்துப் பழக்கியவர்களில் எங்கள் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் முக்கியமானவர். கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவர். அத்தனை பெருமையையும் பேசிக்கொள்ளும் அதே வீதியில், சென்ற சித்திரையில் ஒரு பெண்பிள்ளையை "குரல் எடுபடவில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு முன்னால் பாடிய ஆண்களின் சுருதியிலேயே அவளையும் தொடங்கச் சொன்னார்கள். கருநாடக இசைக் கச்சேரியில் ஆண்கள் ஒரு கட்டைக்கு அண்மையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது வழமை. இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல், ஆணின் ஆதார சுருதியில் பெண்ணைப் பாடவிட்டால், கீழே இறங்கும் இடமெல்லாம் குரல் முணுமுணுப்பாகத்தான் வரும். கால் மட்டும் தாளத்தை விட்டு ஒரு தடவையேனும் விலகவில்லை. வெளியேறும்போது தாயிடம், "நான் தொடங்கின இடந்தான்மா பிழை" என்று சொல்லிக்கொண்டு போனாள். நடுவர்களைவிட அவளுக்கு விளங்கியிருந்தது.

பாடசாலைகளில் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்குகிறார்களே, அந்தப் பிள்ளைகளை எடுத்தால் தேர்வே வேண்டாமே என்று ஒரு நண்பர் வாதிட்டார். அந்தப் போட்டிகளால் நன்மை உண்டு. ஆனால் குறித்த நிமிடங்களுக்குள் அடங்கும்படி வெட்டிய கூத்தில் பழகிய பிள்ளைக்கு, விடியுமட்டும் தாங்கும் குரல் உண்டா என்பதை அந்த வெற்றிக் கேடயம் சொல்லாது.

கூத்தை இங்கே மீண்டும் ஆடுகிறோம் என்பதே ஒரு செய்திதான். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. இரவில் விளக்கேற்றி ஊர் கூடுவதே இயலாதிருந்த வருடங்கள் அவை. மகனுக்குத் தகப்பன் பாட்டுச் சொல்லிக்கொடுத்த தொடர் பல வீடுகளில் அப்போதே அறுந்தது. அதனால் இன்று கூத்துக்கென்று தானாக வந்து நிற்கும் ஒரு பிள்ளையை, பொருந்தாத பாட்டாலும் பொருந்தாத சுருதியாலும் அனுப்பிவிடும் வசதி எங்களுக்கு இல்லை.

இவற்றை ஏற்பாட்டாளர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். அடுத்த தெரிவில் எல்லாருக்கும் கட்டியகாரன் பாட்டு என்பதற்கு ஒத்துக்கொண்டார்கள். பாடுகிறவரே தமக்கேற்ற சுருதியில் தொடங்கலாம் என்பதற்கு, பிற்பாட்டுக்காரர் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பெண்குரல் இரண்டைப் பிற்பாட்டிலும் சேருங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.