சிறு படகே போதும்

கடலில்லாத விருத்தாசலத்தில் படகுப் பேச்சு எதற்கு என்பீர்கள். கடலூர்க் கரையில் மீன்பிடிக்கும் என் தந்தை, படகு வாங்குமுன், "நீ படிச்சவன், கணக்குப் பார்த்துச் சொல்லுப்பா" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. கரையோர வலைத்தொழிலுக்குச் சிறிய ஃபைபர் படகும் நீண்ட தண்டுள்ள டீசல் எஞ்சினும் போதும் என்பதே என் கருத்து. ஆழங்குறைந்த நீரில் தண்டைத் தூக்கிக்கொள்ளலாம். பழுதை உள்ளூர் மெக்கானிக்கே பார்ப்பார். பெட்ரோல் மோட்டார் வேகந்தான். எண்ணெய்ச் செலவோ அதிகம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய விசைப்படகுகள் கரையோரத்தில் மீன்பிடிக்கலாகாது. அருகிலேயே நமக்குக் களமிருக்க, வேகத்திற்காக ஏன் கடன்பட வேண்டும்?

வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், மீனுக்கு விலை சொல்பவர் அவரே. தோழர்களே, விரலுக்குத் தக்க வீக்கமே நல்லது. கடன்பட்ட படகு கரை சேரும். வருமானம் வீடு சேராது.