அறைக்கு ஆள் வந்தால் கணக்கு நோட்டும் வரட்டும்

சென்ட்ரலில் ஹௌரா வண்டியை விட்டிறங்கி, மின்சார ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேரும் இளைஞர்களை நமது பஜார் வணிகர் அனைவரும் அறிவோம். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வேலையை ஏற்கெனவே மேஸ்திரி சொல்லி வைத்திருப்பார். "ரூம் இருக்கா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதையும் பெரும்பாலும் மளிகைக் கடையில்தான் கேட்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் அரிசியையும் பருப்பையும் விரலால் காட்டியாவது வாங்கலாம் அல்லவா, அதனால் பழக்கம் கடையில் தொடங்குகிறது.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அஸ்ஸாம் என்று பல மாநிலத்தவர் சிப்காட் உருக்கு ஆலைகளிலும் ரோலிங் மில்களிலும் வேலை செய்கின்றனர். அவர்களால் நமக்கு வியாபாரம் உண்டு. ஒரு காலத்தில் யாராவது கடுகெண்ணெய் கேட்டால் மருந்துக் கடையைக் கை காட்டியிருப்போம். இன்று டின் டின்னாக இறக்குகிறோம். கோதுமை மாவு, அவல், வறுத்த கடலை மாவு எல்லாம் அப்படியே. இதோடு நம்மில் பலர் கடைக்குப் பின்னாலும் மாடியிலும் அறை கட்டி வாடகைக்கும் விட்டிருக்கிறோம். ஆக, அந்த இளைஞர்களுக்கு மளிகைக்காரரும் நாமே, வீட்டுக்காரரும் நாமே. கடையில் ஒரு நியாயம், அறையில் வேறொரு நியாயம் என்று நாம் நடந்துகொள்வதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

என் கதையையே சொல்கிறேன். எனக்கு ஏழு அறைகள் உண்டு. ஆள்களோடு நேரில் பேசுவது தொல்லை என்று ஒரு கான்ட்ராக்டரிடம் மொத்தமாக விட்டிருந்தேன். வாடகையை அவர் தருவார், ஆள்களின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். சாமான் என் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும் பேச்சு. இரண்டு மாத வாடகை வராமல் போயிற்று. கான்ட்ராக்டரின் போனும் எடுபடவில்லை. ஆத்திரத்தில், ஆள்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அறைகளைப் பூட்டிவிட்டேன். துணிமணி, பாத்திரம் எல்லாம் உள்ளே.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்களில் ஓர் ஒடிசாப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தான். "அண்ணா, பைசா கொடுத்தாச்சு" என்றான். ஒவ்வொரு மாதமும் அறைக்கென்று தன் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். பற்று வரவு எழுதியே பிழைக்கும் எனக்கு அந்த நோட்டைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பூட்டைத் திறந்தேன். இரண்டு மாதப் பாக்கி இன்று வரை வரவில்லை. அதை அந்தப் பையன்களிடம் கேட்பதில் நியாயமும் இல்லை.

நாம் செய்கிற இன்னொன்று மின்சாரம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்பது 2016 முதல் நடைமுறை. ஆனால் சப் மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் வாங்குகிறவர் நம்மிலும் இருக்கின்றனர். தராசில் கை வைத்தால் பாவம் என்கிறோம். மீட்டரில் வைத்தால் மட்டும் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. "பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு?" என்ற பழைய பேச்சு இனிச் செல்லாது. வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பாக்கி இருக்கிறது என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது. அன்று நான் போட்ட பூட்டு எந்தச் சட்டத்திலும் நிற்காது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

"வடக்கத்தி ஆள்களுக்கு விட்டால் போலீஸ் தொல்லை" என்று சிலர் சொல்லலாம். 2012 பிப்ரவரியில் வேளச்சேரிச் சம்பவத்துக்குப் பிறகு, வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது நினைவிருக்கும். ஆதார் நகலும் ஊர் விலாசமும் வாங்கி வைப்பதில் தவறில்லை, அது நமக்கும் பாதுகாப்பு. ஆனால் விவரம் வாங்குவது வேறு, ஆளையே சந்தேகிப்பது வேறு. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, என் அறைகளில் மூன்று ஒரே வாரத்தில் காலியாயின. இறக்கிய கோதுமை மாவு அப்படியே நின்றது. போகாமல் இருந்தவர்கள், நேரில் முகம் பார்த்துப் பேசிப் பழகிய அறைக்காரர்களே.

நாமும் அறை தேடி அலைந்த கூட்டம்தான். 19-ம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கத்து நாடார் வணிகர்கள், வண்டியும் சரக்கும் பத்திரமாக இராத்தங்கப் பேட்டைகள் கட்டினர். அதற்கான செலவுக்குச் சரக்கின் மேல் மகமை வைத்தனர். நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி வைத்திருந்தனர். கீழே பெட்டியும் பாயுமாகக் கொடுக்கல் வாங்கல், மேலே படுக்கை. ஊரிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்தவருக்கு அதுவே வீடு. நம் ஊர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களைக் கேட்டாலும், தெரியாத நாட்டில் ஒரு கதவு திறப்பது என்னவென்று சொல்வார்கள். அவர்கள் தமிழ் பேசியே சிரமப்பட்டார்கள்.

பெரிய கம்பெனிக்குச் சர்க்கார் வழி செய்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். அதன்பின் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் நாற்பது பேர் வேலை செய்யும் ரோலிங் மில்லுக்கு யார் கட்டப் போகிறார்கள்? அந்த நாற்பது பேரும் நம் மாடிக்குத்தான் வர வேண்டும்.

ஆகவே நமது சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒரே மாதிரி வாடகை ஒப்பந்தப் படிவம் அச்சிட்டு, உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தரலாம். கூடவே வாடகை ரசீதுப் புத்தகம் ஒன்று. ஒப்பந்தம் மேஸ்திரியோடு வேண்டாம், அறையில் படுக்கிற ஆளோடு இருக்கட்டும். சாமான் எங்கே வாங்குவது என்பது அவர் இஷ்டம். என் அறைக்காரர்களில் பாதிப் பேர் இப்போது எதிர்க் கடையில் வாங்குகிறார்கள். அவர் கடையில் கடுகெண்ணெய் லிட்டருக்கு நான்கு ரூபாய் குறைவு என்கிறார்கள். விசாரித்தேன், உண்மைதான். நானும் மொத்த வியாபாரியை மாற்ற வேண்டியிருக்கிறது.