ஏ கிரேடு பலகை: எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

புது வீட்டுச் சாவி கையில் கிடைத்துவிட்டது. மரத்தரை போடலாம் என்று முடிவு செய்து இருவரும் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் ஒரே மரத்தில் மூன்று துண்டுகளை எடுத்து வைக்கிறார். "இது ஏ கிரேடு, இது பி, இது சி." 'காலத்துக்கும் கிடக்கப்போகிற தரை, நல்லதாகவே போடுவோம்' என்று மனம் ஏ பக்கம் சாய்கிறது. சதுர அடிக்கு 5 ரிங்கிட் கூடுதல் என்றாலும் 800 சதுர அடிக்கு 4,000 ரிங்கிட் வருகிறது. அந்தப் பணம் எதற்குப் போகிறது?

பெரும்பாலும் அழகுக்கு! கிரேடு பிரிப்பவர் பலகையின் முகத்தைப் பார்க்கிறார். கணு எத்தனை, நிறம் ஒரே சீராக இருக்கிறதா, துளையோ வெடிப்போ உண்டா, பலகை எவ்வளவு நீளம் என்று கணக்குப் பார்க்கிறார். குறை குறையக் குறைய கிரேடு ஏறுகிறது. அமெரிக்க ஓக் தரைப் பலகைக்கு கிளியர், செலக்ட், நம்பர் 1 காமன், நம்பர் 2 காமன் என்று பெயர்கள் இருக்கின்றன. நம் நாட்டில் அறுத்த மரத்துக்கான விதிகளில் பிரைம், செலக்ட், ஸ்டாண்டர்ட் என்று வரும். ஆனால் கடையில் சொல்லும் ஏ, பி, சி பல நேரம் அந்த நிறுவனமே வைத்துக்கொண்ட பெயர். ஒரு கடையின் ஏ இன்னொரு கடையின் பி ஆகலாம். அதனால் "எந்த விதிப்படி இது ஏ?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்படியானால் உறுதி எதில் இருக்கிறது? முதலில், மர வகையில். மலேசியாவில் வன்மரங்களைக் கனம், நடுத்தரம், இலேசு என்று பிரிக்கிறார்கள். பாலாவ், மெர்பாவ் கன வகை. ஒரு கன மீட்டர் 800 கிலோவுக்கு மேல் இருக்கும். கெம்பாஸ் நடுத்தரம். மெராந்தியும் ரப்பர் மரமும் இலேசு வகை. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே ரப்பர் மரம்தான், பால் வற்றியதும் அறுக்கப்பட்டு 'மலேசியன் ஓக்' என்ற பெயரில் வெளிநாட்டுக்கும் போகிறது. நாற்காலியை இழுத்தால் கீறல் விழாமல் தாங்குவதில், பி கிரேடு மெர்பாவ் ஏ கிரேடு ரப்பர் மரத்தை வென்றுவிடும்.

"தேக்குதான் போடணும்" என்று மாமா சொல்வார். தேக்கு கறையானுக்கும் ஈரத்துக்கும் நன்றாக ஈடுகொடுக்கும்; அதில் மாமா சொல்வது சரி. ஆனால் மரத்தின் கடினத்தை அளக்கும் ஜாங்கா அளவில் சிவப்பு ஓக் 1,290, தேக்கு ஏறத்தாழ 1,070 தான்.

கிரேடில் எல்லாமே வெறும் அழகு என்றும் சொல்லிவிட முடியாது. நன்கு ஒட்டியிருக்கும் சின்னக் கணுவும் நிற வேறுபாடும் தரையைக் கெடுக்காது. ஆடும் கணுவும் வெடிப்பும் கெடுக்கும். இன்னொன்று, வைரம் பாயாத வெளிர்நிற ஓரப்பகுதி. அதில் மாவுச்சத்து இருப்பதால் மரத்தை உளுக்கவைக்கும் வண்டு தேடி வரும். பலகையைத் தட்டும்போது துளையிலிருந்து மாவு போல் கொட்டினால் வாங்காதீர்கள். ரப்பர் மரம் என்றால் மருந்து ஏற்றியதா என்றும் கேளுங்கள்.

கிரேடு சொல்லாத இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று ஈரம். சரியாகக் காயாத பலகை குளிர்சாதன அறையில் சுருங்கி, நடுவே இடைவெளி விடும். அது பிரைம் பலகைக்கும் நடக்கும். சூளையில் உலர்த்திய பலகையா என்று கேட்டு, ஈரமானியால் உங்கள் கண் முன்னே அளக்கச் சொல்லுங்கள். குளிர்சாதன அறைக்குச் சுமார் 12 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. இரண்டாவது, ஒட்டுப்பலகைமேல் மரம் ஒட்டிய 'எஞ்சினியர்ட்' வகையில் மேல்மரத்தின் தடிமன். ஐரோப்பிய விதி குறைந்தது 2.5 மில்லிமீட்டர் கேட்கிறது. அதைவிட மெல்லியதாக இருந்தால், பின்னாளில் தேய்த்து மெருகேற்ற இடம் இருக்காது.

பட்ஜெட் இடித்தால் கண்ணில் படும் வரவேற்பறைக்கு மட்டும் உயர்ந்த கிரேடு எடுங்கள். கட்டிலும் அலமாரியும் மறைக்கும் அறைக்குப் பி போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல மர வகைக்கோ தடித்த மேல்மரத்துக்கோ மாற்றிவிடலாம்.

முன்பணம் கட்டும்முன் மரத்தின் பெயர், கிரேடு, ஈரம், தடிமன் நான்கையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். பலகை வந்ததும், ஆணி அடிக்கும்முன் மூன்று நான்கு பெட்டிகளைப் பிரித்துத் தரையில் பரப்பிப் பாருங்கள். கடையில் காட்டிய துண்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். பதித்த பிறகு திருப்பிக் கொடுப்பது கஷ்டம்.